பாவம், மீறுதல், அக்கிரமம்: என்னுடையது எது?

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தராசடியில் நின்று கிலோ எழுதுவதுதான் இவருடைய வேலை. தொடக்கத்தில், ஒரு நிறுவைக்கு இரண்டு கிலோ கழிக்கும்படி மேலிருந்து சொன்னார்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சொன்னதை நம்பிக் கழித்திருக்கிறார். "வெயில் நாளிலும் அதே இரண்டு கிலோவா என்று பிறகுதான் யோசித்தேன். யோசித்த பிறகும் கழித்தேன்" என்கிறார். அப்புறம் சில வருடம், பெண்களின் கொழுந்தில் தானே இன்னும் ஒரு கிலோ, அரைக் கிலோ என்று குறைத்து, அதைத் தன் மனைவியின் தங்கை பேரில் ஏற்றி, மேலதிக கிலோவுக்கான (நாள் அளவுக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்கான) காசை வீட்டுக்கு எடுத்திருக்கிறார். ஒரு நாள் ஒரு பெண், "ஐயா, தராசு முள்ளு நிக்கட்டும், அப்புறம் எழுதுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்தக் கோபத்தில் அன்று அவருக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி மட்டும், போட்டார். பிறகும் காரணம் தேடித் தேடிப் போட்டார். அந்தப் பெண் இப்போது உயிரோடு இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு இவருக்கு வேதத்தில் ஆழ்ந்த பிடிப்பு வந்தது. ஒரு ஜெபவீட்டில் ஞானஸ்நானம் எடுத்தார். பேரன் பிறந்து ஒன்றரை வயதாகியும் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கப் பெரிய வைத்தியசாலைக்குப் போகச் சொல்லித் துண்டு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஜெபவீட்டில், "இது தகப்பன்மார் அக்கிரமம், மூன்றாம் நான்காம் தலைமுறைக்கு வந்திருக்கிறது, முதலில் சாபத்தை முறிக்க நாற்பது நாள் உபவாசம்" என்று சொல்ல, மருமகள் கிளினிக் போவதையே நிறுத்திவிட்டார். மனைவியோ, "இயேசு எல்லாத்தையும் கழுவிட்டாரு, பழச கிளறாதீங்க" என்கிறார். இவர் ஒரு கொப்பியில் பாவம், மீறுதல், அக்கிரமம், குற்றம், தப்பிதம், கடன் என்று ஆறு வார்த்தைகளை எழுதி, தான் செய்தது எது, மன்னிப்பில்லாதது எது என்று இரவிரவாகத் தேடுகிறார். பல மாதமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்" என்றும் ஒரு வரி இருக்கிறது.

சகோதரரே, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீங்கள் எதையும் பூசி மெழுகவில்லை. அதனால் நானும் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

முதலில் அவசரமான இரண்டு

ஒன்று, பேரன். இந்தக் கிழமையே அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கேள்வித்திறன் குறைவதற்கு மரபணு, கர்ப்பகாலத்தில் தாய்க்கு வந்த ருபெல்லா போன்ற தொற்று, பிறந்தவுடன் வந்த கடுமையான மஞ்சள் காமாலை, காதுக்குள் நீர் கட்டுவது என்று பல காரணங்கள் உண்டு. சில சிகிச்சையில் சரியாகும். சிலதற்குக் காதுக் கருவியும் பேச்சுப் பயிற்சியும் வேண்டும். எதுவானாலும், பிள்ளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வயது முதல் மூன்று வருடம். அதில் பாதி ஓடிவிட்டது. உபவாசம் இருக்க விரும்புகிறவர்கள் கிளினிக் போய் வந்தும் இருக்கலாம். ஜெபம் முடியும்வரை வைத்தியரிடம் போகாதே என்று வேதத்தில் எங்கும் கட்டளையில்லை. பவுல் தன்னோடு வைத்துக்கொண்ட லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றே எழுதுகிறார். இதை மருமகளுக்கு நீங்களே சொல்லுங்கள். பெரியவர் வாயிலிருந்து வந்தால்தான் அந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்.

இரண்டு, நீங்கள். "இருந்து என்ன பிரயோசனம்" என்பது அலுப்பில் எழுதிய வரியா, அல்லது சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா? வருகிறதென்றால் இன்றைக்கே மனைவியிடமோ மகனிடமோ சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, ஒரே குற்றத்தை ஒரே இரவில் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் மனம் ஆறவில்லை என்றால், அதில் மனச்சாட்சிக்குப் பங்கு இருப்பதுபோல உடம்புக்கும் பங்கு இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் ஒரு வைத்தியரைப் பாருங்கள். மருந்தெடுப்பது விசுவாசக் குறைவல்ல. நீங்கள் செய்ய வேண்டிய காரியங்களுக்குத் தெளிந்த தலை வேண்டும், தூங்காத தலைக்கு அது முடியாது.

கொப்பியில் உள்ள ஆறு வார்த்தைகள்

நீங்கள் இந்த ஆறையும் சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கிப் பார்த்திருக்கிறீர்கள். தப்பிதம் கீழே, அக்கிரமம் உச்சியில். அந்த அடுக்கு வேதத்தில் இல்லை.

சங்கீதம் 51-ஐப் பாருங்கள். "என் மீறுதல்கள் நீங்க என்னைச் சுத்திகரியும். என் அக்கிரமம் நீங்க என்னை முற்றிலும் கழுவி, என் பாவமற என்னைச் சுத்திகரியும்." இரண்டே வசனத்தில் மூன்று வார்த்தையும் வந்துவிட்டன. தாவீது பேசுவது ஒரே விஷயத்தை, உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்து, உரியாவைக் கொல்லவைத்ததைப் பற்றித்தான். ஒரே செயலை மூன்று பக்கத்திலிருந்து பார்த்து அழுகிறார். எபிரெயக் கவிதை இப்படித்தான் ஒன்றை அடுக்கி அடுக்கிச் சொல்லும், அங்கே போய்க் கோடு கிழித்துப் பிரிக்கக் கூடாது. லேவியராகமம், எண்ணாகமம் போன்ற சட்டப் பகுதிகளில்தான் வார்த்தைகள் கொஞ்சம் கறாராகப் பிரிந்து நிற்கும். உங்களுக்கு இப்போது தேவைப்படுவதும் அந்தப் பகுதிதான்.

பாவம் என்று நாம் படிப்பதற்கு எபிரெயத்தில் பெரும்பாலும் ஹட்டாத். இலக்குத் தவறுதல் என்பது அதன் அடிப்படை. நியாயாதிபதிகள் 20:16-ல், பென்யமீன் கோத்திரத்து இடதுகைக்காரர் எழுநூறு பேர் ஒரு மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிவார்கள் என்று வருகிறதே, அந்தத் 'தப்பாமல்' என்பதில் இருப்பது இதே வினைச்சொல். இது எல்லாவற்றிலும் அகலமான வார்த்தை. தெரியாமல் செய்ததும் இதற்குள் வரும், தெரிந்து செய்ததும் வரும்.

மீறுதல் என்பது பெஷா. இது அரசியலில் புழங்கிய சொல். ஆகாப் செத்தபின் மோவாபியர் இஸ்ரவேலுக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள் என்று 2 இராஜாக்கள் முதல் வசனம் சொல்கிறது, அந்தக் கலகம் இதே சொல்தான். கட்டுப்பட்டிருக்க வேண்டிய உறவை, தெரிந்தே, எதிர்த்து முறிப்பது. நம் தமிழ் வேதாகமம் எல்லா இடத்திலும் ஒரே வார்த்தையைப் போடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆமோஸ் புத்தகத்தில் "மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும்" என்று வரும் 'பாதகம்' இதுவே. இஸ்ரவேலின் பாதகம் என்ன என்று அங்கே ஆமோஸ் சொல்கிறார்: எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றது. கொப்பியில் மீறுதலைச் சட்டப் புத்தகத்தின் விதி மீறல் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஏழையின் கூலியில் கை வைப்பதையும் தீர்க்கதரிசி கடவுளுக்கு எதிரான கலகம் என்கிறார்.

அக்கிரமம் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. அது நியாயம்தான். நம் பேச்சில் அக்கிரமம் என்றால் படுபாதகம், கொடூரம். எபிரெய ஆவோன் அப்படி அல்ல. வளைந்துபோதல், கோணிப்போதல் என்ற வேரிலிருந்து வந்தது. சங்கீதம் 38-ல் நோயில் உடம்பு குனிந்துபோனதைச் சொல்லவும் இதே வேர்தான். வளைந்த செயலை மட்டுமல்ல, அதனால் வரும் குற்றப் பழியையும், அதன் பலனாக வரும் சுமையையும் சேர்த்தே இந்தச் சொல் குறிக்கும். அதனால்தான் காயீன் "எனக்கு இட்ட தண்டனை என்னால் சகிக்க முடியாது" என்று சொல்லும் இடத்தில், எபிரெயத்தில் இருப்பது ஆவோன், தமிழில் இருப்பது தண்டனை.

தப்பிதமும் கடனும் நீங்கள் தினமும் சொல்லும் ஜெபத்தைச் சேர்ந்தவை. மத்தேயுவில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்", லூக்காவில் அதே இடத்தில் "எங்கள் பாவங்களை". மத்தேயு 6:14-ல் விளக்கம் சொல்லும்போது அதுவே தப்பிதம் ஆகிறது. இயேசு பேசிய அராமிய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் புழங்கியது. ஆக, தப்பிதம் என்றால் சின்னத் தவறு என்று நீங்கள் போட்ட கணக்கு அங்கேயே விழுந்துவிடுகிறது.

குற்றத்தைப் பற்றிக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லேவியராகமத்தில் பாவநிவாரணபலி என்று ஒன்று, குற்றநிவாரணபலி என்று வேறொன்று. இரண்டாவதில் ஒரு நிபந்தனை சேரும். ஒருவன் தன்னிடம் ஒப்புவித்த பொருளிலோ, வஞ்சித்துப் பறித்ததிலோ, பொய்யாணையிட்டதிலோ குற்றவாளியானால், முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உரியவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் பலி. லேவியராகமம் 6-ஆம் அதிகாரமும் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரமும் இதைச் சொல்கின்றன. ஆண்டவரிடம் போகும் வழி, ஏமாற்றப்பட்டவர் வீட்டு வாசல் வழியாகப் போகிறது.

உங்கள் விஷயத்தில் எது எது

முதல் காலம், உத்தரவை நம்பிக் கழித்தது. மழைநாளில் கொழுந்தில் ஒட்டிய ஈரத்துக்குக் கழிப்பது பொய்யல்ல, சாக்குக்கும் ஒரு எடை உண்டு. அதற்கு மேல் போனது உங்களுக்குத் தெரியாதவரை, அது வேதம் "அறியாமையினால்" செய்ததென்று தனியே வைக்கும் வகை. தெரிய வந்ததும் அறிக்கையிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வெயில் நாளைப் பற்றி யோசித்த நாளோடு அந்த வகை முடிந்துவிட்டது. சங்கீதம் 19-ல் "மறைவான குற்றங்கள்" ஒரு வசனத்திலும் "துணிகரமான பாவங்கள்" அடுத்த வசனத்திலும் வருகின்றன. நீங்கள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனது ஒரே மாதிரியான இரண்டு கிலோவை வைத்துக்கொண்டுதான். உத்தரவு போட்டவர்களின் பங்கு அவர்களுடையது. உங்கள் பங்கு, தெரிந்த பிறகும் பேனாவைப் பிடித்தது. யாக்கோபு 5:4-ல், அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட அறுப்புக்காரரின் கூலி கூக்குரலிடுகிறது என்று வாசிக்கும்போது, துரைமாரை மட்டும் நினைக்காமல் மடுவத்தையும் நினையுங்கள்.

இரண்டாவது, மனைவியின் தங்கை பேரில் ஏற்றியது. இதற்கு வார்த்தை தேடி அலைய வேண்டியதில்லை. நம்பி ஒப்படைத்த தராசை வைத்துத் திருடியது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11 சொல்வது இதைத்தான். குற்றநிவாரணபலியின் சட்டம் அப்படியே பொருந்துகிற இடமும் இதுதான். அதாவது, இது கடன். திருப்பிக் கொடுக்கக்கூடிய கடன்.

மூன்றாவது, அரைப்பேர். என் மதிப்பில் உங்கள் கடிதத்திலேயே பாரமானது இது. கிலோவில் எடுத்ததைவிட இதில் காசு குறைவாக இருக்கலாம். ஆனால் அவர் கேட்டது நியாயத்தை. முள் நிற்கட்டும் என்று மட்டும்தான் சொன்னார். அதற்காக, கையில் இருந்த அதிகாரத்தால் அடித்தீர்கள். அரைப்பேர் விழுந்தால் போவது பாதி நாள் கூலி மட்டுமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி போடும் நூற்றுக்கு 8, தோட்டம் போட வேண்டிய நூற்றுக்கு 12, இரண்டும் அந்தப் பாதிக்கு இல்லாமல் போகும். இதை மீறுதல் என்றுதான் சொல்வேன். அடங்கியிருக்க வேண்டிய ஒருவன் நீதிக்கு எதிராகக் கை ஓங்கியது.

அப்புறம், அக்கிரமம். உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி: "முள் நிற்குமுன் எழுதிவிடுவது எனக்குப் பழகிவிட்டது, எடுக்க நினைக்காத நாளிலும் கை அப்படித்தான் எழுதியது." அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். ஆவோன் என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்டால் இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. வருடக்கணக்கில் ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்த கை, சாயாமல் பிடிக்க மறந்துவிட்டது. இதற்குப் பரிகாரம் ஒரு நாள் உபவாசத்தில் இல்லை. நேராக நடப்பதை நாள்பட நாள்பட உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். நீங்கள் இப்போது கதைப்பதிலும் அந்தப் பழைய சாய்வு தெரிகிறதா என்று மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

இவற்றில் மன்னிப்பில்லாதது எது? எதுவுமில்லை. யாத்திராகமம் 34:7-ல் கர்த்தர் தம் பெயரைச் சொல்லும்போதே "அக்கிரமத்தையும் மீறுதலையும் பாவத்தையும் மன்னிக்கிறவர்" என்கிறார், மூன்றையும் பேர் சொல்லி. மாற்கு 3-ல் மன்னிப்பில்லை என்று சொல்லப்படுவது, கண்முன்னே நடந்த நன்மையைப் பார்த்துக்கொண்டே அதைப் பிசாசின் வேலை என்று சொன்ன வேதபாரகரைப் பார்த்து. தராசடிக் களவு அங்கே பேச்சிலேயே இல்லை. அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று இரவிரவாக அழுகிற மனிதன் அந்த இடத்தில் நிற்கவில்லை.

பேரன் சுமப்பதில்லை

இதில் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அதே யாத்திராகமம் 34:7-ல் மூன்றாம் நான்காம் தலைமுறை என்று வரும் பின்பாதியை எடுத்து ஒன்றரை வயதுப் பிள்ளையின் காதில் கட்டுவது வேதத்தைப் பாதியாக வாசிப்பது. பத்துக் கட்டளைகளில் இதே வாக்கியம் "என்னைப் பகைக்கிறவர்களை" என்று வரம்பு கட்டி வருகிறது. தகப்பன் செய்ததைப் பிள்ளை தண்டனையாக அனுபவிக்கும் என்று ஜனங்கள் பழமொழியாகவே பேசத் தொடங்கியபோது, அந்தப் பழமொழியை இனிச் சொல்லவே கூடாது என்று எசேக்கியேல் 18 தடுத்தது: "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை, தகப்பன் குமாரனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்துவிட்டார். யோவான் 9.

நம் ஆட்களுக்குப் பூர்வ ஜென்மப் பாவம், குலச் சாபம் என்ற பேச்சு பழகிப்போனது. அதே பயம் ஜெபவீட்டு வார்த்தையில் வந்தால் உடனே ஒட்டிக்கொள்கிறது. அதிலும் மலையகத்தில் தலைமுறைக் கடன் என்பது வெறும் உவமை இல்லை. தமிழகத்திலிருந்து வந்த வழிச்செலவே, ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணியிடம் கடனாக ஏறியது. தோட்டம் மாறும்போது அந்தக் கடன் எழுதிய 'துண்டு' கூடவே போனது, புதுத் தோட்டம் அதை அடைத்தால்தான் ஆளை எடுக்கலாம். அந்த முறை 1921-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் செய்யாத கடனுக்குப் பிள்ளை கட்ட வேண்டும் என்ற நினைப்பு அத்தனை சீக்கிரம் போகவில்லை. கொலோசெயர் 2:14 நமக்கு விரோதமாக இருந்த "கையெழுத்தை" ஆண்டவர் குலைத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்கிறது. கிரேக்க மூலத்தில் அது கடன் வாங்கியவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் பத்திரம். நம் பாட்டன்மாரின் துண்டை மனதில் வைத்து அந்த வசனத்தை வாசியுங்கள். குலைத்த துண்டை எடுத்துவந்து பேரனிடம் நீட்ட யாருக்கும் உரிமை இல்லை, போதகருக்கும் இல்லை.

ஒரு தகப்பனின் செயல் பிள்ளைகளைத் தொடுவதே இல்லையா என்றால், தொடும். அரைப்பேர் விழுந்த தாயின் பிள்ளைக்கு அந்த மாதம் கொப்பி வாங்கக் காசு இருந்திருக்காது. தலைமுறைக்குத் தொடரும் விளைவைத் தேட வேண்டுமென்றால், உங்கள் வீட்டுக்குள் தேடாமல் அந்த வீட்டில் தேடுங்கள்.

திருப்பிக் கொடுப்பது

உங்கள் மனைவி சொன்னதில் பாதி சரி. ஆண்டவர் மன்னித்ததை மறுபடி மறுபடி மன்னிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. மற்றப் பாதி, அந்தப் பெண்களின் காசு இன்னும் உங்கள் வீட்டுக் கூரையில் இருக்கிறது. ஞானஸ்நானம் அதை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. வரி வசூலித்த சகேயு மன்னிப்பை விலைக்கு வாங்கவில்லை. இயேசு வீட்டுக்கு வந்த பிறகு, யாரும் கேட்காமலே எழுந்து நின்று நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். அந்த வரிசைதான் உங்களுக்கும்.

கணக்கு எப்படிப் போடுவது? துல்லியமாக வராது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பழைய பொக்கற் கொப்பிகளை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதத்தில் ஏறக்குறைய எத்தனை கிலோ மாற்றினீர்கள், எத்தனை மாதம், அந்தந்த வருடம் மேலதிக கிலோவுக்கு என்ன காசு என்று பழைய சம்பளத் துண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அவர்கள் பக்கம் கூட்டிப் போடுங்கள். அன்றைய ரூபாயை அப்படியே கொடுத்தால் நியாயமாகாது. 2022 நெருக்கடிக்குப் பிறகு அந்த ரூபாய்க்கு என்ன வாங்க முடியும் என்பது கடைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். பெறுமதியைச் சரிசெய்து, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு. லேவியராகமத்துச் சட்டம் கிறிஸ்தவனைச் சட்டமாகக் கட்டுப்படுத்தாது என்று சிலர் சொல்வார்கள். சரி, ஆனால் எவ்வளவு கொடுப்பது என்று தவிக்கிற ஒருவருக்கு அது நல்ல அளவுகோல். சேமலாப நிதிக் காசு முழுவதையும் ஒரே நாளில் அள்ளிக் கொடுத்துவிட்டு வயதான காலத்தில் மனைவியைக் கை ஏந்த வைக்காதீர்கள். அது இன்னொரு அநியாயம். அவரோடு உட்கார்ந்து பேசி, மாதாமாதம் முடிந்ததைக் கொடுக்கலாம்.

இறந்துபோனவருக்கு வழி இருக்கிறது. எண்ணாகமம் 5:8 இந்த நிலைமையையே பேசுகிறது, உரியவர் இல்லையென்றால் அவருடைய உறவின் முறையானுக்கு. அவருடைய மகன் கொழும்பில் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் போங்கள். எங்கே போனார்கள் என்றே தெரியாதவர்களின் பங்கை டிவிசன் பிள்ளை மடுவத்துக்கோ (குழந்தைகள் காப்பகம்), சாவுச் செலவுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்துக்கோ கொடுக்கலாம். உங்கள் பேரைப் போட வேண்டாம், அது நன்கொடை இல்லை.

இனி அபாயங்கள். கணக்கைப் பொய்யாக எழுதுவதும் நம்பிக்கை மோசடியும் நம் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றங்கள். நான் சட்டத்தரணி இல்லை. அதனால் எதையும் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வைக்குமுன், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்துப் பேசுங்கள். பாவத்தை மூடிப் பாதுகாக்கும் யோசனை இல்லை இது. என்ன வரக்கூடும் என்று தெரிந்து, அதற்குத் தயாராகப் போவதற்கு. ஜெபவீட்டு மேடையில் சாட்சியாகச் சொல்வதை நான் விரும்பவில்லை. அங்கே கைதட்டல் உங்களுக்குக் கிடைக்கும், அந்தப் பெண்களுக்கு ஒன்றும் கிடைக்காது. மற்றவர்களின் பேரை இழுக்க வேண்டாம். ஆனால் இரண்டு கிலோக் கழிப்பைப் பற்றித் தொழிற்சங்கமோ தொழில் திணைக்களமோ கேட்டால், தெரிந்ததை உள்ளபடி சொல்லுங்கள். அதை அந்தப் பெண்களுக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள்.

வீட்டு வாசலில் நீண்ட பேச்சு வேண்டாம். இப்படிச் சொன்னால் போதும்: "அக்கா, நான் மடுவத்துல இருந்த காலத்துல ஒங்க கொழுந்துல கிலோவ கொறச்சு எழுதி, அந்தக் காச நான் எடுத்தேன். அது களவு. கணக்குப் பாத்து, கூட்டிக் கொண்டாந்திருக்கேன். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்குறேன்." "பிசாசு செய்ய வச்சிட்டான்", "மேலிடத்து ஓர்டர்" என்ற வார்த்தைகள் அதில் வரக்கூடாது. மன்னிச்சிருங்க என்று கேட்கலாம், மன்னித்தேன் என்று சொல்லும்வரை நிற்கக்கூடாது. சிலர் ஏசுவார்கள். சிலர் காசை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவார்கள். சிலர் சங்கத்துக்குப் போவார்கள். எல்லாம் அவர்களுடைய உரிமை. வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர்களிடம் கேட்காதீர்கள்.

திருவிருந்து

கடைசியாக, திருவிருந்து எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1 கொரிந்தியர் 11-ல் "அபாத்திரமாய்" என்று வருவதைப் படித்து ஒதுங்கியிருக்கிறீர்கள். அந்த அதிகாரத்தை 20-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். இருக்கிறவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு வெட்கப்படுத்தியதைத்தான் பவுல் கண்டிக்கிறார். பாவம் செய்தவன் வரவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. தன்னைத்தானே சோதித்தறிந்து, பிறகு புசிக்கச் சொல்கிறார். நீங்கள் வேண்டிய மட்டும் சோதித்துவிட்டீர்கள். மத்தேயு 5:24 சொல்கிறபடி முதலில் ஒரு வீட்டுக்காவது போய் வாருங்கள், நானாக இருந்தால் அந்த மகனிடமிருந்து தொடங்குவேன். எல்லாக் கடனும் அடையும்வரை காத்திருக்க வேண்டாம். கொழும்புக்குப் போய் வந்து, அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையே எடுங்கள்.